பாட்டனார் பெயர் எந்த இடாப்பில் இருக்கிறது?

"எங்கட சொந்த ஊர் எது? அப்பப்பாவின் தகப்பன் ஆர்?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உறுதியும் அத்தாட்சிப் பத்திரங்களும் இடப்பெயர்வில் தொலைந்த குடும்பங்களில் இதற்கு விடை சொல்வது இலகுவன்று. ஆனாலும் விடை வேண்டும். காணி முதுசமாக வந்தது என்று காட்டவும், பங்காளர் யார் என்று தீர்க்கவும் குடும்ப வழி தெரிந்திருப்பது அவசியம்.

குடிசன மதிப்பில் கிடைக்குமா?

வெளிநாட்டு உறவினர் சிலர், "பழைய குடிசன மதிப்பில் தேடுங்கள்" என்பார்கள். இங்கிலாந்தில் அது நடக்கும். அங்கு வீடு வீடாக நிரப்பிய படிவங்களை நூறு ஆண்டுகளின் பின் மக்கள் பார்வைக்கு விடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022இல் திறக்கப்பட்டன. பெயர், வயது, பிறந்த ஊர், தொழில் எல்லாம் அவற்றில் உண்டு.

நம் நாட்டிலும் 1871 முதல் குடிசன மதிப்பு நடைபெற்று வருகிறது. ஆனால் அறிக்கைகளில் வெளிவந்தவை தொகைகளே. ஆட்களின் பெயர்கள் அல்ல. 1981இன் பின் 1991இல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நடந்தது. நாடு முழுவதும் எடுக்கப்பட்டது 2012இல்தான்.

அப்படியானால் பயன் இல்லையா? உண்டு. பழைய அறிக்கைகள் சிலவற்றில் கிராமம் கிராமமாகச் சனத்தொகை தரப்பட்டுள்ளது. உங்கள் ஊர் அன்று எந்தப் பெயரில், எந்தப் பிரிவில் இருந்தது என்று அறியலாம். பிரிவு தெரிந்தால் எந்தப் பதிவாளரின் ஏட்டைத் தேடுவது என்பதும் தெரியும்.

பெயர் உள்ள ஏடுகள்

1. பிறப்பு, இறப்புப் பதிவுகள்: 1867 முதல் உள்ளன. பாட்டனாரின் பதிவில் அவரது தாய் தகப்பன் பெயர் இருக்கும். அந்தப் பெயரைக் கொண்டு மேலும் ஒரு தலைமுறை பின்னே போகலாம். மாவட்டத்தில் ஏடு அழிந்திருந்தால் மனம் தளரவேண்டாம். பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் இரண்டாம் பிரதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

2. காணிப் பதிவகம்: உறுதி இலக்கமோ நொத்தாரிசின் பெயரோ தெரிந்தால் தேடுவது சுலபம். காணி முதுசமாக வந்ததா, சீதனமாக வந்ததா, யார் யாருக்குக் கொடுத்தார் என்பதை உறுதியே சொல்லும். அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

3. கோவில் ஏடுகளும் பாடசாலைச் சேர்விடாப்பும்: ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகளில் பெற்றோர் பெயர் உண்டு. சேர்விடாப்பில் தகப்பன் பெயரும் பிறந்த திகதியும் இருக்கும்.

4. பழைய வாக்காளர் இடாப்பு: இன்ன ஆண்டில் இன்ன வீட்டில் இருந்தார் என்று காட்டும்.

ஆண்டு தெரியாவிட்டால்?

வயோதிபர்களுக்குத் திகதி நினைவிராது, சம்பவம் நினைவிருக்கும். "வெள்ளத்துக்குப் பிறகு பிறந்தவன்" என்றால் 1957 மார்கழி வெள்ளமா என்று கேளுங்கள். மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் "புயல்" என்றால் அநேகமாக 1964 மார்கழி. மட்டக்களப்பில் 1978 கார்த்திகை. இப்படி ஓர் ஆண்டைக் கணித்து, அதற்கு முன்னும் பின்னும் தேடும்படி விண்ணப்பியுங்கள். ஒரே பெயரைப் பலவிதமாக எழுதியிருப்பார்கள் என்பதையும் மறவாதீர்கள்.

பதிவு இல்லாததால் வந்த துன்பத்தை மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து கமம் செய்த குடும்பங்கள் நன்கு அறியும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, தந்தையோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தவர் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. இங்கேயே பிறந்து வளர்ந்திருந்தும் பலரிடம் காட்டுவதற்குத் துண்டுக் கடதாசி இருக்கவில்லை.

இன்றே தொடங்குங்கள்

ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவரின் அருகில் இருங்கள். பெயர், ஊர், காணியின் பெயர், கலியாணம், மரணம் என்று அவர் சொல்வதை எழுதுங்கள். யார் சொன்னது, எப்போது சொன்னது என்பதையும் குறியுங்கள். பிரதி ஒன்றை வேறொரு உறவினர் வீட்டில் வையுங்கள். ஏடுகள் கந்தோரில் சிலகாலம் காத்திருக்கும். அப்பாச்சியின் நினைவு காத்திராது.