அறுவைக் கருவி ஏன் ஒடிகிறது?

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் சைக்கிளில் நெல் மூட்டை ஏற்றிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சைக்கிளின் போக்ஸ் கம்பி எங்கே ஒடிகிறது? பெரும்பாலும் நடுவில் அன்று. சக்கரக் குடத்தில் மாட்டியுள்ள வளைவில்தான். அன்றைய மூட்டையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சக்கரம் சுற்றச் சுற்ற, கம்பியின் இழுவிசை கூடிக் குறைகிறது. வளைவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று தோன்றி, மெல்ல வளர்கிறது. இதுவே உலோகச் சோர்வு. 19ஆம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் இப்படி ஒடிந்தபோது, ஜெர்மானியரான வோலர் இதனை முறையாக ஆராய்ந்தார்.

முதுகெலும்பு அறுவையிலும் இந்தச் சிக்கல் அபூர்வமாக நேர்கிறது. முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், மருத்துவர் நீண்ட, மெல்லிய இடுக்கியால் அந்தப் பகுதியைக் கவ்வி எடுக்கிறார். நெம்புகோல் தத்துவப்படி, கைப்பிடியில் தரும் விசை நுனியில் பன்மடங்காகிறது. கவ்வுவதற்கென்றே அமைந்த அந்தத் தாடையைத் திருகி இழுத்தால், அதன் மெல்லிய கீல் தாங்குமா? உப்புநீரிலுள்ள குளோரைடு அரித்த நுண்குழிகளும் விரிசலுக்கு வித்திடும். கவ்வும் முனை மழுங்காதிருக்க, எஃகைக் கடினமாக்குகிறார்கள். கடினம் ஏற ஏற, வளைந்து கொடுக்கும் தன்மை குறைகிறது.

நுனி உள்ளே ஒடிந்தால் என்ன ஆகும்? இடுப்புப் பகுதியில் தட்டுக்குச் சற்று முன்னால்தான் பெரிய இரத்தக் குழாய்கள் செல்கின்றன. அவசரமாகத் துழாவினால் துண்டு முன்னே நகர்ந்து அவற்றைக் கிழித்துவிடலாம். ஆகவே முதலில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் அதன் இடத்தைப் பார்த்துவிட்டு, பிறகே எடுக்க முயல்கிறார்கள். இங்கே இயற்பியலும் கைகொடுக்கும். வீட்டு எவர்சில்வர் தம்ளரில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. கடினமாக்கிய இடுக்கி எஃகில் ஒட்டும். எனவே காந்த முனைக் கருவியால் துண்டை ஈர்த்து எடுப்பதும் உண்டு. எடுப்பதே அதிக ஆபத்து என்று கருதி விட்டுவிட்டால், நோயாளிக்கு அதைக் கட்டாயம் சொல்லவேண்டும். பின்னாளில் காந்த அதிர்வுப் படம் எடுக்கையில், அந்தக் காந்தத் தன்மையே துண்டை அசைக்கக்கூடும்!

கையில் எஞ்சிய பாதியையும் எறிந்துவிடக் கூடாது. கோடையில் நீர் வற்றும்போது ஏரிக்கரையில் வரிவரியாகத் தடம் விழுகிறதல்லவா? சோர்வால் ஒடிந்த உலோகத்தின் முகத்தில், நுண்ணோக்கியின் கீழ், பெரும்பாலும் அத்தகைய வரிகள் தெரியும். ஒரே முறுக்கலில் ஒடிந்ததென்றால் அவை இரா.