தங்கம் வென்ற காப்டன்

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். பார்க் ஸ்டேஷனுக்கு அருகில்தான் நேரு விளையாட்டரங்கம் இருக்கிறது. அங்கே ஏறினால் மாம்பலம், கிண்டி, மீனம்பாக்கம் எல்லாம் கடந்து பல்லாவரம் வந்துவிடும். முக்கால் மணி நேரம்கூட ஆகாத பிரயாணம். ஆனால் ஒரு மனிதரின் வாழ்க்கையின் சிகரமும் முடிவும் இந்த இரண்டு இடங்களுக்குள் அடங்கிவிட்டன.

அவர் பெயர் வி. பி. சத்யன். 1965-ஆம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி, கேரளத்தில் கண்ணூர் ஜில்லாவிலுள்ள சொக்லியில் பிறந்தவர். எதிரிகளைக் கோல் பக்கம் நெருங்கவிடாமல் தடுக்கும் பின்வரிசைக் கால்பந்து ஆட்டக்காரர். கேரளப் போலீஸ் அணி 1990-லும் 1991-லும் பெடரேஷன் கோப்பையை வென்றபோது அதன் தூணாக இருந்தார். 1992-ல் நம் கோயம்புத்தூரில் கேரளம் சந்தோஷ் கோப்பையைத் தட்டிக்கொண்டு போயிற்றே, அந்த அணிக்கும் காப்டன் அவர்தான்.

1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடந்தன. கால்பந்து இறுதி ஆட்டத்தில் வங்க தேசத்தை 1-0 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. காப்டன் சத்யன்! நகரத்தின் கரகோஷத்துக்குக் கேட்க வேண்டுமா?

அந்தச் சென்னையே அவருக்கு ஊராகவும் ஆயிற்று. இந்தியன் பாங்க் அணியில் ஆடினார், பிறகு பயிற்சியாளரானார். ஆனால் ஆட்டக்காரரின் ஆயுள் குறுகியது. மற்றவர்கள் உத்தியோகத்தில் உயரும் வயதில் அவர் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டியிருக்கிறது. காலில் பட்ட காயங்கள் தங்கிவிடுகின்றன. கைதட்டல் மட்டும் நின்றுவிடுகிறது. சத்யனை மனச்சோர்வு நோய் பற்றிக்கொண்டது. 2006-ஆம் வருஷம் ஜூலை 18-ந் தேதி, பல்லாவரம் ரயில் நிலையத்தில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது வயது 41. மனைவியும் மகளும் தவித்து நின்றார்கள்.

"இத்தனை தைரியசாலி இப்படிச் செய்யலாமா?" என்று கேட்கத் தோன்றும். சகோதரிகளே, காய்ச்சலுக்கும் தைரியத்துக்கும் என்ன சம்பந்தம்? இதுவும் அப்படி ஒரு நோய்தான். மருந்து உண்டு, வைத்தியம் உண்டு, குணமும் உண்டு. ஆனால் வலிமையுள்ள ஆண்பிள்ளை என்றால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லியே பழகிவிடுகிறார். அதனால் வீட்டிலுள்ளவர்களுக்குக்கூட நோயின் ஆழம் தெரிவதில்லை. அது அவர்கள் குற்றமல்ல.

தட்டில் சோறு மிஞ்சுகிறதா? இரவில் தூக்கமில்லையா? வாழ்க்கையே அலுத்துவிட்டதென்ற பேச்சு வருகிறதா? அலட்சியம் வேண்டாம். தயங்காமல் கேளுங்கள்; டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி-மானஸ் சேவை இரவு பகலாக, இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

2018-ல் சத்யனின் கதை 'காப்டன்' என்ற மலையாளப் படமாக வந்தது. ஜெயசூர்யா அவராக நடித்தார். நாடு மறுபடியும் அவரை நினைத்துக்கொண்டது. ஆனால் அந்தக் கைதட்டல் அவர் காதில் விழவில்லையே!

அடுத்த முறை வண்டி பல்லாவரத்தில் நிற்கும்போது, பக்கத்தில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் உங்கள் மனிதரைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். "என்ன, மனசுக்குக் கஷ்டமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.