ஆணத்தில் உப்புக் கூடிய நாள்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் ஒரு பகல். பாடசாலை விட்டு வந்து சாப்பிட அமர்ந்தேன். இரண்டு பிடி சோறு உண்டதும், "ஆணத்துக்கு உப்புக் கூடிட்டுப் போல" என்றேன். அடுப்படியில் நின்ற மனைவியிடமிருந்து பதில் வரவில்லை. சற்று நேரத்தில் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். உப்புக் கூடியதற்கு யாராவது அல்லாஹ்வைப் புகழ்வார்களா? எனக்கு விளங்கவில்லை. நான்கு மாதங்களுக்கு மேலாக என்ன வைத்தாலும் ருசி சொல்லாமல், குறை சொல்லாமல் உண்டு எழுந்திருக்கிறேன் என்பது அவள் சொல்லித்தான் தெரிந்தது.

மனச்சோர்வு நோய்க்கு நான் குளிசை எடுக்கத் தொடங்கி அது ஐந்தாவது வாரம்.

இதை ஒரு மௌலவி எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். 2021 நவம்பரில் இந்த நோய் என்னைப் பிடித்தது. இரவு 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். தஹஜ்ஜுத் தொழ எழும்புகிறார் என்று வீட்டார் எண்ணினார்கள். நானோ பாயில் கிடந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஸப்ரைப் பற்றிப் பாடம் நடத்துவேன்; வாய் பேசும், நெஞ்சு கல்லாக இருக்கும். ஈமானில்தான் பழுது என்று முடிவு செய்து, அதற்காகவும் என்னையே நொந்துகொண்டேன். உறவினர் ஒருவர் கண்ணூறு என்றார். ஓதி ஊதிய தண்ணீரும் குடித்தேன். ஓதுவதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது என் தொழிலும்கூட. ஆனால் கால் முறிந்தவனுக்கு ஓதிவிட்டு, எலும்பைக் கட்டாமல் அனுப்புகிறோமா?

நம் நாட்டில் அங்கொடை என்ற ஊரின் பெயரே ஏச்சுச் சொல்லாகிவிட்டது. அங்குள்ள ஆஸ்பத்திரி இன்று தேசிய மனநல நிறுவகமாக இயங்குகிறது. ஏச்சு மட்டும் மாறவில்லை. அந்தப் பயத்தால்தான் நானும் மூன்று மாதத்தை வீணாக்கினேன். பார்மசி நடத்தும் நண்பர் ஒருவர் பிடிவாதமாக கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்.

ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல், வபாத்தான அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்றொரு நூல் எழுதியிருக்கிறார். உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்து ஆராயும் நூல் அது. காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் வந்து கவியும் துயரம் வேறு என்று பிரித்து, இரண்டாவதற்கு உடல் சார்ந்த மூலமும் அதற்கான வைத்தியமும் உண்டென்கிறார். ஏழு வருடம் அரபுக் கல்லூரியில் ஓதியும் இந்த நூலின் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. குணமான பிறகுதான் தேடிப் படித்தேன்.

எனக்குத் தந்தது சேர்ட்ரலின் என்ற குளிசை. முதலில் 25 மில்லிகிராம், பின்பு 50. முதல் இரண்டு வாரமும் நன்மை எதையும் காணவில்லை. கண்டதெல்லாம் குமட்டலும் தலையிடியும்தான். ஒன்பதாம் நாள் குளிசைப் பொட்டலத்தைக் குப்பையில் போட எழுந்தேன். மனைவி பறித்து வைத்துக்கொண்டாள். அடுத்த கிளினிக்கில் டொக்டர் சொன்னார்: "மௌலவி, இது பனடோல் அல்ல, அரை மணியில் கேட்பதற்கு. தொல்லை முதலில் வரும், சுகம் பிந்தி வரும். பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் மாற்றம் தொடங்கும். முழுப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரமும் ஆகலாம்." இதை முதல் நாளே விளக்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! கிளினிக்கில் அன்று சனம் அதிகம்.

சுகம் எப்படி வருகிறது என்பதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு நாள் காலையில் எழும்பியதும் கவலை பறந்துவிடும் என்று காத்திருந்தேன். அப்படி வரவில்லை. முதலில் நித்திரை திரும்பியது. 3 மணி விழிப்பு 4 மணியானது, பிறகு ஸுபஹ் பாங்கே எழுப்ப வேண்டியதாயிற்று. அதன் பின் உடம்பு. குளிக்கப் போவது மலையேறுவது போல் இருந்தது. அது வெறும் குளிப்பாக மாறியது. அப்புறம்தான் நாக்கு, உப்பு. அந்தச் சமயத்திலும் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "அப்படியேதான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய்யில்லை. உள்ளே இருள் அப்படியேதான் இருந்தது. நோயாளிக்கு முன்பே பக்கத்தில் இருப்பவர்களுக்கு மாற்றம் தெரிந்துவிடுகிறது.

என் மனைவி இதை ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். எத்தனை மணிக்கு எழும்பினார், எவ்வளவு உண்டார், தானாகப் பேசினாரா, மஸ்ஜிதுக்குப் போனாரா. ஓரிடத்தில் இப்படி: "மகள் இன்று வாப்பாவிடம் கோள் சொன்னாள்." நானா பென்சிலை எடுத்துவிட்டார் என்று என் சின்ன மகள் என்னிடம் முறையிட்டிருக்கிறாள். மாதக்கணக்காகப் பிள்ளைகள் தங்கள் சண்டையை என்னிடம் கொண்டுவருவதையே விட்டிருந்தார்கள். அதை நான் கவனித்திருக்கவும் இல்லை.

டொக்டரும் ஒரு தாள் தந்தார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, மொத்தம் 27. முதல் நாள் எனக்கு 19. ஆறாவது வாரம் 9. பாதியாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்றும், 5க்குக் கீழே வந்தால் நோய் தணிந்தது என்றும் கொள்வார்களாம். இடையில் மூன்று நாள் மீண்டும் சுருண்டு படுத்தேன். எல்லாம் போய்விட்டது என்று பயந்தோம். கொப்பியைப் புரட்டினால், முந்திய மாதம் எல்லா நாளுமே அப்படித்தான் கழிந்திருந்தது.

சகோதரிகளே, ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். உடம்பில் தெம்பு முதலில் வந்து, நெஞ்சில் நம்பிக்கை பிந்தி வருவதால், நடுவில் ஆபத்தான ஒரு காலம் உண்டு. உயிரை மாய்க்கும் எண்ணம் இருப்பவருக்கு அதைச் செய்யும் பலம் அப்போது கிடைத்துவிடக்கூடும். 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதல் வாரங்களில் அந்த எண்ணம் கூடவும் கூடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2004இல் பிள்ளைகள் குறித்தும், 2007இல் இளைஞர்கள் குறித்தும் இதை மருந்தோடு எச்சரிக்கையாக அச்சிடச் செய்தது. மருந்தை விட்டுவிடுவது இதற்குப் பரிகாரமல்ல. தனியே விடாமல் இருப்பதும், அடிக்கடி டொக்டரிடம் காட்டுவதும்தான். வெட்கப்படாமல் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இரவில் யாருமில்லாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இன்னொன்று: நித்திரையே வேண்டாமல், பேச்சு நிற்காமல், கடன் வாங்கிச் செலவழிக்கும் அளவுக்கு ஒருவர் உற்சாகமானால், சுகம் வந்துவிட்டதென்று மகிழ வேண்டாம். அது வேறு நோயின் அடையாளமாக இருக்கக்கூடும். உடனே காட்ட வேண்டும்.

ஏப்ரலில் நோன்பு வந்தது. நாளுக்கு ஒரு குளிசைதான் என்பதால் நோன்பு திறந்த பின் எடுக்கும்படி மாற்றித் தந்தார்கள். லிதியம் எடுப்பவர்கள் மட்டும் டொக்டரைக் கேட்காமல் நோன்பு பிடிக்கக் கூடாது. உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறிவிடும்.

அந்த நோன்பில் தராவீஹ் தொழுதேன். கண்ணீர் வரவில்லை, உருக்கமும் இல்லை. இமாம் ஓரிடத்தில் தடுமாறியபோது, அடுத்த சொல்லை நான் எடுத்துக் கொடுத்தேன். ஸலாம் கொடுத்த பிறகுதான், ஓதியதை நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

பிறகு வந்தது அடுத்த சோதனை. சுகமானதும், குளிசை எதற்கு என்ற எண்ணம் வந்தது. சுகமான பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்று டொக்டர் தடுத்தார். நான் கேட்டேன், நாடு விடவில்லை. 2022 நடுப்பகுதியில் பெற்றோலும் இல்லை, மருந்தும் இல்லை என்றிருந்த நாட்களில் நான்கு நாள் குளிசை கிடைக்கவில்லை. தலைச்சுற்று; தலைக்குள் மின்சாரம் தட்டியது போல் வெட்டு. நோய் திரும்பிவிட்டதென்று நடுங்கினேன். திடீரென நின்றதால் உடம்பு காட்டும் எதிர்ப்புத்தான் அது, மருந்துக்கு அடிமையானதாக அர்த்தமில்லை என்றார் டொக்டர். நண்பர் வேறு ஊரிலிருந்து இரண்டு அட்டை தேடித் தந்தார். 2023இல் டொக்டரே அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்.

கொப்பி இன்னும் அலுமாரியில் இருக்கிறது. பதினான்காவது வாரத்தோடு எழுத்து நின்றுவிட்டது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

"நிப்பாட்டல்ல," என்றாள். "மறந்துட்டன்."