கல்வி விடுப்பு

அரசு ஊழியர் தம் பணிக்குப் பயன்படும் உயர்கல்வியையோ சிறப்புப் பயிற்சியையோ பெறுவதற்கு வழங்கப்படுவதே கல்வி விடுப்பு. ஒன்றிய அரசின் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படி, ஐந்தாண்டுப் பணி முடித்தவர், பணிக்காலம் முழுவதிலும் பொதுவாக 24 மாதங்கள் வரை ஊதியத்துடன் இதனைப் பெறலாம். கற்றுத் திரும்பியபின் மூன்றாண்டுகள் பணியாற்றுவதாக உறுதிப்பத்திரம் அளித்தல் வேண்டும். இடையில் விலகினால், பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்துதல் வேண்டும். மக்களின் வரிப்பணத்தால் பெற்ற கல்வி மக்களுக்கே பயன்பட வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

மருத்துவப் பட்டமேற்படிப்பில் அரசு மருத்துவர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என, தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை போன்ற மலையடிவாரச் சிற்றூர்களுக்கு இதன் பயன் பெரிது. மேற்படிப்புக்குச் செல்லும் மருத்துவரைச் சிற்றூர் சில காலம் பிரிந்திருக்கிறது. அவர் மீண்டும் வருகையில் ஒரு வல்லுநரைப் பெறுகிறது. அப்பிரிவுக்குப் பொருள் தருவது அவரது வருகையே.