நகர நூலகமும் நம் குடும்பங்களும்

பிழைப்பை நாடியும் உத்தியோகத்தை முன்னிட்டும் தமிழகத்தை விட்டு வெளியேறிப் பாரதத்தின் பல நகரங்களில் குடியேறியுள்ள நம்மவர், எந்த ஊருக்குச் சென்றாலும் சிலவற்றை முதலில் தேடிக்கொள்கின்றனர். காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடை ஒன்று. முருகனுக்கோ பிள்ளையாருக்கோ எழுந்த கோயில் ஒன்று. நாலு பேர் கூடித் தமிழில் பேசத்தக்க சங்கம் ஒன்று. இவை அமைந்துவிட்டால் ஊரே அமைந்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் பெரும்பாலான நகரங்களில் நமக்கெனத் திறந்தே இருக்கும் இன்னோர் இடமும் உண்டு. அதன் வாயிலில் மொழி கேட்பாரில்லை, சாதி கேட்பாரில்லை. அதுவே பொது நூலகம்.

இந்நூலகங்களில் சில, நூலை இரவல் கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. ஒரு நூலைத் தேர்ந்து, அதனைப் பலரும் ஒரே காலத்திற் படித்து, குறித்த நாளிற் கூடி அதுபற்றி உரையாடும் கூட்டு வாசிப்புக்கும் ஏற்பாடு செய்கின்றன. இத்தகைய நிகழ்ச்சிகளில் நம் குடும்பங்கள் பங்குபெறுவது அரிதாகவே உள்ளது. ஏன் பங்குபெற வேண்டும், பங்குபெற்றால் விளைவது என்ன என்பனவற்றை வாசகர்களோடு சேர்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதிய பெயர், பழைய வழக்கம்

கூட்டு வாசிப்பு என்ற பெயர் புதிது; வழக்கம் நமக்குப் புதிதன்று. எழுத்தறிந்தவர் அருகியிருந்த காலத்தில் நம் கிராமங்களில் ஒருவர் பாரதம் படிக்க, ஊரார் சுற்றி அமர்ந்து கேட்டனர். மழை பொய்த்த ஆண்டில் விராட பருவம் படிப்பித்தால் வானம் இரங்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. படிப்பவர் ஓரிடத்தில் நிறுத்திப் பொருள் சொல்லுவார். கேட்பவர் குறுக்கிட்டு ஐயம் எழுப்புவர். தருமன் சூதாடியது தகுமா என்று மறுநாளும் திண்ணையில் வழக்கு நடக்கும். நூலும் ஒன்று, படிப்பவரும் ஒருவர். சிந்திப்பவரோ ஊரார் எல்லாரும்.

இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன், நூலகத் துறைக்கு வகுத்த ஐந்து விதிகளை 1931-இல் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகரைத் தேடித்தர வேண்டும் என்பது அவற்றுள் மூன்றாம் விதியின் கருத்து. அதே 1931-இல் மன்னார்குடியைச் சுற்றிய கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூல்கள் புறப்பட்டன. வாசகன் நூலகத்துக்கு வர இயலாதாயின் நூலகம் வாசகனை நாடிச் செல்ல வேண்டும் என்பதே அந்த வண்டி உணர்த்திய பாடம்.

பிற பகுதிகளிலும் இந்த எண்ணம் வேரூன்றியது. பரோடாவை ஆண்ட மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் 1910-இல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்னும் நூலகரை வரவழைத்துத் தம் சமஸ்தானமெங்கும் நூலகங்களை நிறுவச் செய்தார். சிற்றூர்களுக்கு நூற்பெட்டிகள் அனுப்பப்பட்டன. கேரளத்தில் பி. என். பணிக்கர் 1945-இல் 47 நூலகங்களை ஒன்றிணைத்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கினார். 1995 ஜூன் 19-இல் அவர் மறைந்தார். அந்நாளே இன்று கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. கடல் கடந்த நாடுகளை நோக்கின், நகரம் முழுவதும் ஒரே நூலைப் படிக்கும் முயற்சியை அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பொது நூலகம் 1998-இல் தொடங்கியது; பின்னர் அது சிகாகோ முதலிய நகரங்களுக்கும் பரவியது.

தில்லியில் நடந்த சோதனை

நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் வந்தோர் சிறப்பாக அறிந்திருக்க வேண்டியது தில்லிப் பொது நூலகத்தின் வரலாறு. யுனெஸ்கோவும் இந்திய அரசும் கூடி ஒரு முன்னோடித் திட்டமாக உருவாக்கிய அந்நூலகத்தை 1951 அக்டோபர் 27-இல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். பிரிவினையால் வீடு வாசல் இழந்து வந்தோர் தலைநகரை நிறைத்திருந்த காலம் அது. புதிதாக எழுத்தறிந்தோரையும் ஏழை எளியோரையும் நாடுவதே நூலகத்தின் குறிக்கோளாயிற்று. நூல் வழங்குவதோடு சொற்பொழிவு, விவாதக் குழு, நாடகம், இசை ஆகியவற்றுக்கும் அங்கே இடமளிக்கப்பட்டது. நடமாடும் நூலக வண்டியும் ஓடியது.

நூலகம் அமைதியாகப் படிக்கும் இடம் மட்டுமன்று, அறிமுகமற்றோர் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கும் இடமும் ஆகும் என்பதை அச்சோதனை நாட்டுக்குக் காட்டிற்று. அண்டை வீட்டார் எந்த மாநிலத்தவர் என்பதைக்கூட அறியாமல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆண்டுகளைக் கழிக்கும் நமக்கு, அது இன்றும் பொருந்தும்.

நம் வட்டத்தின் அனுபவம்

சென்ற ஆண்டு நம் நகரத்துக் கிளை நூலகமொன்றில் நடந்த கூட்டு வாசிப்பில், நம் சங்கத்தைச் சேர்ந்த ஏழு குடும்பத்தினர் பங்குகொண்டோம். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள், மாலை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை என்று ஏற்பாடு. தேர்ந்த நூல் தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-இல் எழுதிய 'செம்மீன்'. மலையாள மூலத்தையும், நாராயண மேனோனின் ஆங்கில மொழிபெயர்ப்பையும், இந்திப் பதிப்பையும் பிறர் கொண்டுவந்தனர். நாம் சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தை எடுத்துச் சென்றோம். மேசை ஒன்று, கதை ஒன்று, மொழிகள் நான்கு.

முதல் வாரம் பேச்சு தயக்கத்தோடு நடந்தது. இந்தி சரளமாக வாராதோர் வாய் திறக்கவில்லை. இரண்டாம் வாரம், மழைக்காலத்தில் கரையருகே மீன்கள் திரளாக வந்து சேரும் 'சாகரை'யைப் பற்றிய பேச்சு வந்தது. அது யாது என்பது நம்மில் பலருக்கு விளங்கவில்லை. ஆலப்புழையிலிருந்து வந்த ஒரு சகோதரி, சேறு கலங்கிக் கடல் அடங்கிக் கிடக்கும் அந்நாட்களில் கரையே திருவிழாக் கோலம் பூணுவதை விவரித்தார். அவரைத் தொடர்ந்து, நாகைப் பகுதியில் பிறந்த நம் மூதாட்டி ஒருவர் தம் ஊர்க் கடற்கரையில் மீன் ஏலம் போகும் முறையைத் தமிழிலேயே எடுத்துச் சொன்னார். அவருடைய மருமகள் அதனை இந்தியில் கூறினார். அந்த மூதாட்டி இந்நகரத்துக்கு வந்து ஒன்பது ஆண்டுகளாகின்றன. தம் குடும்பத்தாரும் சங்கத்தாரும் அல்லாத ஒரு கூட்டம் தாம் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டது அன்றுதான் முதல்முறை என்று அவர் பின்னர் கூறினார்.

கடலுக்குச் சென்றவனின் உயிரைக் கரையிலிருக்கும் மனைவியின் ஒழுக்கமே காக்கிறது என்ற நம்பிக்கை அக்கதையின் அச்சாணி. அதுபற்றிய விவாதம் இரண்டு வாரங்களுக்கு நீண்டது. பஞ்சாபைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் தம் குலத்தில் கணவனின் ஆயுளுக்காக நோற்கும் கர்வா சௌத் விரதத்தை நினைவூட்டினார். நம் பெண்மணிகள் காரடையான் நோன்பைச் சொன்னார்கள். அப்போது கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, "போகிறவனுடைய காப்பு முழுவதையும் இருப்பவள் தலையில் ஏற்றுவானேன்?" என்று கேட்டாள். கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. பிரித்தது மொழியன்று, வயது! வங்காளப் பாட்டியும் தமிழ்ப் பாட்டியும் ஒரு பக்கம். அவ்விருவருடைய பேத்திகளும் எதிர்ப்பக்கம். தத்தம் வீட்டில் மட்டுமே நடப்பதாக ஒவ்வொரு குடும்பமும் எண்ணியிருந்த வழக்கு எல்லா வீடுகளிலும் நடக்கிறது என்பது அன்று வெளியாயிற்று.

குழந்தைகளைப் பற்றி ஒரு சொல்

நம் குடும்பங்களின் தலையாய கவலை யாவரும் அறிந்ததே. பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், படிப்பதில்லை. பள்ளியில் இந்தியோ வட்டார மொழியோ ஆங்கிலமோ இடம்பிடித்துவிடுகிறது. ஞாயிறு வகுப்பில் கற்ற அரிச்சுவடி, படிக்க வேண்டிய தேவை எழாமையால் மறந்துபோகிறது.

நம் வட்டத்தில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் ஆங்கிலப் பதிப்பைப் படித்தான். அவனுடைய பாட்டி தமிழ்ப் பதிப்பைப் படித்தார். இரவு உணவுக்குப் பின் இருவரும் ஒரே பகுதியை ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமாயிற்று. வெறும் 'சிஸ்டர்' என்று அவன் சொன்ன ஓரிடத்தில் பஞ்சமி என்பவள் கருத்தம்மாவுக்கு அக்காளா தங்கையா என்ற கேள்வி பிறந்தது. பாட்டி தம் நூலைத் திருப்பித் 'தங்கை' என்ற சொல்லைக் காட்டினார். பையன் அதனை எழுத்துக்கூட்டிப் படித்தான். பிறகு அடுத்த சொல். பிறகு அடுத்த வரி. ஆறாவது ஞாயிறன்று அவன் கூட்டத்தில் தமிழ்ப் பதிப்பின் அரைப் பக்கத்தை உரக்கப் படித்தான். பல இடங்களில் நின்றான். லகர ளகரங்கள் இடம் மாறின. கூட்டம் பொறுமையோடு காத்திருந்தது. ஆறு வாரத்தில் அவன் தமிழ் கற்றுவிட்டான் என்று நாம் கூறமாட்டோம். படிப்பதற்கு ஒரு காரணம் அவனுக்குக் கிடைத்தது என்று கூறலாம். வகுப்பால் மட்டும் அது கைகூடுவதில்லை.

முத்திரை விழாத நூல்கள்

அந்தக் கிளை நூலகத்தில் தமிழ் நூல்களுக்கென இரண்டு தட்டுகள் உள்ளன. நூல்களின் உள்ளே ஒட்டிய தேதிச் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தோம். பலவற்றில் கடைசி முத்திரை விழுந்து ஆண்டுகள் பலவாகியிருந்தன. நூலகர் அன்போடு எடுத்துரைத்த செய்தி நம் அனைவருக்கும் உரியது. புதிய நூல் வாங்கும்போதும், இடம் போதாமையால் பழைய நூலை அகற்றும்போதும், அது எத்தனை முறை இரவல் சென்றது என்பதையே குழு பார்க்கிறது. எவரும் எடுக்காத மொழிக்காக நூலகர் எவ்வாறு வாதாட முடியும்? நாம் போகாவிட்டால் அத்தட்டுகள் வேறு நூல்களுக்கு இடம்விட நேரும். அதனை எவருடைய பகைமை என்றும் நாம் குறை கூற இயலாது.

வாசிப்பு முடிந்தபின் நம் ஏழு குடும்பங்களும் உறுப்பினராகி மாதந்தோறும் தமிழ் நூல்களை எடுத்து வருகின்றன. தேவையான நூல்களின் பட்டியலொன்றையும் எழுதிக் கொடுத்துள்ளோம். நூலகர் அதனைக் கொள்முதலுக்குப் பரிந்துரைத்துள்ளார். முடிவு இன்னும் தெரியவில்லை.

இங்கே சட்டத்தின் துணையும் நமக்கு உண்டு. 1954-ஆம் ஆண்டு இயற்றிய நூல் வழங்கற் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியையும் பதிப்பாளர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும், மும்பை மத்திய நூலகத்துக்கும், தில்லிப் பொது நூலகத்துக்கும் அனுப்ப வேண்டும். தமிழ் நூல்களும் இதற்கு விலக்கல்ல. அறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளை சேர்த்துவைத்த நூற்றொகுதியும் கொல்கத்தா தேசிய நூலகத்திலேயே உள்ளது. கொல்கத்தாத் தமிழர்களுள் எத்தனை பேர் அதனை அறிவர்? கர்நாடகம் போன்ற மாநிலங்களிலோ சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. வாடகை வீட்டில் வாழ்வோரும் வாடகையின் வழியே அதனைச் செலுத்துகின்றனர் எனலாம். பணம் கொடுத்த பண்டத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவார் உண்டோ?

சங்க நூலகம் இருக்க இது எதற்கு?

நம் சங்கத்திலேயே நூலகம் இருக்கிறதே என்று அன்பர் சிலர் கேட்கின்றனர். சங்க நூலகம் நம் வீட்டுக் கிணறு. அது தூர்ந்துபோகாமல் காக்க வேண்டியது நம் கடமை. பொது நூலகமோ ஊருணி. அங்கேதான் நாம் அண்டை அயலாரைச் சந்திக்கிறோம். பிறருடைய எழுத்தாளரை நாம் அறிவதும், நம் எழுத்தாளரைப் பிறர் அறிவதும் அங்கேதான் நிகழும்.

அடுத்த வாசிப்புக்கு அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' என்ற நாவலை நாம் முன்மொழிந்திருக்கிறோம். 1977-இல் வெளிவந்த அந்நாவல், நிஜாம் ஆட்சியின் இறுதி நாட்களில் செகந்திராபாத்தில் வாழ்ந்த ரயில்வே ஊழியரின் தமிழ்க் குடும்பத்தைப் பற்றியது. ஐதராபாத் இந்தியாவோடு இணைந்த 1948-ஆம் ஆண்டின் கொந்தளிப்பை, வெளியூரில் வளரும் ஒரு தமிழ் இளைஞனின் கண்கொண்டு அது காட்டுகிறது. ஆங்கிலத்திலும் பிற இந்திய மொழிகளிலும் அது பெயர்க்கப்பட்டிருக்கிறது. நம்மைப் போன்றோரின் கதையை நம் அயலார் தத்தம் மொழியிற் படித்து நம்மிடம் கேள்வி கேட்கும் நாள் வரவேண்டும் என்பது நம் விருப்பம்.

செய்ய வேண்டுவன

பெருஞ்செலவு ஏதும் தேவையில்லை. முதலாவதாக, முகவரிச் சான்றோடு அருகிலுள்ள பொது நூலகத்துக்குச் சென்று குடும்பத்தோடு உறுப்பினராகுங்கள். வாசிப்புக் கூட்டம் நடக்கிறதா என்று கேளுங்கள். நடக்கவில்லையெனில் இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களோடு சென்று நடத்தித்தர வேண்டுங்கள். தமிழிலும் வேறு மொழிகளிலும் கிடைக்கும் நூலையே தேர்ந்தெடுங்கள். சாகித்திய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்டும் வெளியிட்ட மொழிபெயர்ப்புகள் இதற்கு உதவும். மொழி தயக்கம் உள்ள பெரியோரைத் தனியே விடாது, மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை அவர் அருகில் அமர்த்துங்கள். திரும்பும்போது தமிழ்த் தட்டிலிருந்து ஒரு நூலேனும் எடுத்து வாருங்கள்; அதில் அன்றைய தேதி முத்திரை விழட்டும்.

தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குவது எளிது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நூலகத்தின் படியேறுவது சற்றே கடினம். அந்தச் சிறு கடினத்தை மேற்கொள்ளும் குடும்பங்கள் பெருக வேண்டும். பெருகினால், நம் மொழிக்கு இந்நகரங்களில் இரவலாகக் கிடைத்துள்ள இடம் உரிமையான இடமாக நிலைபெறும்.