கேப்டன் டைகரை வரைந்த கை... வீடியோ கேமுக்குள் விரிந்த பாலைவனம்!

குன்னூர் 'டால்பின் நோஸ்' காட்சிமுனைக்குக் காலை நேரத்தில் போயிருக்கிறீர்களா? பனிமூட்டம் இறங்கிவிட்டால், எதிரே இருக்கும் மலையில் மரம், பாறை எதுவும் தனியாகத் தெரியாது. மலையின் விளிம்பு மட்டும் ஒரு கோடாக நிற்கும். அதற்குப் பின்னால், இன்னும் வெளிறிய நீலத்தில் இன்னொரு கோடு. யாரோ மெல்லிய பேனாவால் வரைந்து, ஒரே வண்ணத்தை நிரப்பிவிட்டுப் போனதுபோல இருக்கும்.

கிட்டத்தட்ட இப்படித்தான் பெரிய பெரிய நிலவெளிகளைக் காகிதத்தில் கொண்டுவந்தார், பிரெஞ்சு காமிக்ஸ் ஓவியர் ழான் ஜிரோ. பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால், சிவகாசியிலிருந்து வரும் லயன்-முத்து காமிக்ஸில் 'தங்கக் கல்லறை', 'மின்னும் மரணம்' படித்தவர்களுக்கு அவருடைய கோடுகள் பழக்கமானவை. உடைந்த மூக்கும் கலைந்த தலையுமாகக் குதிரையில் வரும் நம் கேப்டன் டைகரை வரைந்தவர் அவர்தான்!

ஒரு கை, இரண்டு பெயர்

பிரெஞ்சில் டைகரின் பெயர் 'புளூபெர்ரி'. ழான் மிஷேல் ஷார்லியே எழுத, 1963-ல் ஜிரோ வரையத் தொடங்கிய தொடர் அது. கௌபாய் கதைகளில் 'ஜிர்' என்று கையெழுத்திட்ட அவர், விண்வெளிக் கதைகளை வரையும்போது 'மோபியஸ்' ஆனார். 1975-ல் வந்த 'அர்சாக்' கதையில் வசனமே கிடையாது. ஒரு வீரன், ஒரு பறக்கும் விலங்கு, சுற்றிலும் எல்லையில்லாத வெளி. அவ்வளவுதான்.

20 வருடங்கள் கழித்து, 1995-ல் ஜப்பானின் சேகா நிறுவனம் 'பேன்சர் டிராகூன்' என்ற கேமை வெளியிட்டது. டிராகன் மேல் அமர்ந்து, பாழடைந்த உலகத்தின் மீது பறக்கும் வீரன்தான் நாயகன். அர்சாக்கைப் பார்த்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஷெட்டில் பிறந்த கேம்

மோபியஸின் கோடு முழுமையாக உயிர்பெற்றது 2021-ல். லண்டனைச் சேர்ந்த கிரிகோரியோஸ் கித்ரியோடிஸ், டேனியல் ஃபைன்பெர்க் இருவரும் வீட்டுத் தோட்டத்து ஷெட் ஒன்றில் வேலையைத் தொடங்கினார்கள். அதனால் நிறுவனத்துக்குப் பெயரே 'ஷெட்வொர்க்ஸ்'. அவர்கள் உருவாக்கிய 'சேபிள்' கேமில் சண்டை கிடையாது, சாவும் கிடையாது. ஒரு சிறுமி மிதக்கும் பைக்கில் ஏறிப் பாலைவனத்தைச் சுற்றிப்பார்க்கிறாள்.

வழக்கமான கேம்களில் வெளிச்சமும் நிழலும் போட்டோபோல இருக்க வேண்டும் என்று மெனக்கெடுவார்கள். இங்கே அதற்கு நேர்மாறு. ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்கும் விளிம்பைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து, அங்கே மெல்லிய கோடு போடுகிறது. உள்ளே தட்டையான வண்ணம். பனிமூட்டத்தில் குன்னூர் மலை நம் கண்ணுக்குத் தெரிவதுபோலத்தான்! சிறுமியின் அசைவுகளைக்கூட வேண்டுமென்றே குறைத்து, கையால் வரைந்த கார்ட்டூன்போல நடக்கவைத்திருக்கிறார்கள்.

அப்போ இது காப்பியா?

ஒருவர் வரைந்த படத்தை அப்படியே எடுத்தால் காப்புரிமைச் சட்டம் தடுக்கும். ஆனால், வரையும் பாணிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே மிஞ்சுவது நேர்மை மட்டும்தான். 'பேன்சர் டிராகூன்' ஜப்பான் பதிப்பின் அட்டைப்படத்தை ஜிரோவையே வரையவைத்தார்கள். 'சேபிள்' வரும்போது அவர் உயிரோடு இல்லை. 2012 மார்ச் 10 அன்று, 73 வயதில் இறந்துவிட்டார். ஆனாலும், அதை உருவாக்கியவர்கள் யாரைப் பார்த்துக் கற்றோம் என்பதை மறைக்கவில்லை. மோபியஸின் பெயரை வெளிப்படையாகவே சொன்னார்கள்.

சரி, அந்தப் பாலைவனம் ஜிரோவுக்கு எங்கிருந்து வந்தது? 1950-களில் ஓவியப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மெக்சிகோவில் இருந்த அம்மாவைப் பார்க்கப் போனார் அந்த இளைஞர். அங்கே பார்த்த வெட்டவெளி அவர் மனதை விட்டு நீங்கவே இல்லை. முதலில் டைகரின் பாலைவனமாகவும், பிறகு மோபியஸின் வேற்றுக்கிரகமாகவும் அது காகிதத்தில் இறங்கியது. கடைசியில், யாரோ ஒருவர் கையில் இருக்கும் கேம் கன்ட்ரோலர் வரை வந்துவிட்டது.

கேத்தி பள்ளத்தாக்கின் அடுக்கு வயல்களும், தோடர் மந்துகளின் வளைந்த குடிசைகளும், கறுப்பும் சிவப்புமாக நூலோடும் பூத்துக்குளியும், புகைவிட்டு ஏறும் மலை ரயிலும் நீலகிரிப் பிள்ளைகள் தினம் பார்க்கும் காட்சிகள். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பிள்ளை இதையெல்லாம் கிறுக்கிக்கொண்டிருக்கலாம்.

திட்டுவதற்கு முன்னால், அந்தப் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்களேன்!