பட்டத்தோடு வந்த கடன்!

2019-ஆம் வருஷம் மே மாதம். அமெரிக்காவில் அட்லாண்டா நகரிலுள்ள மோர்ஹவுஸ் கல்லூரியில் பட்டமளிப்பு விழா. கறுப்பின இளைஞர்கள் படிக்கும் புகழ்பெற்ற கல்லூரி அது. சிறப்புரை ஆற்ற வந்த கறுப்பினக் கோடீஸ்வரர் ராபர்ட் ஸ்மித், அவ்வருஷம் பட்டம் பெறுவோரின் கல்விக் கடன் முழுவதையும் தாமே அடைப்பதாக அறிவித்தார்! சுமார் 400 பேருக்காக அவர் கொடுத்தது 3 கோடியே 40 லட்சம் டாலர்.

கொடையை நாடே கொண்டாடியது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு அவ்வளவு கடன் ஏன்?

வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளும் கடன் வாங்கித்தான் படிக்கிறார்கள். சர்க்கார் கடனின் வட்டியில் நிற பேதம் கிடையாது. பேதம் வீட்டில் இருக்கிறது. குடும்பங்களைச் சொத்து வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்துக்கு 2022-இல் 2,85,000 டாலர் சொத்து இருந்தது. கறுப்பர் குடும்பத்துக்கோ 44,900 டாலர்தான்!

இந்த வித்தியாசம் எப்படி வந்தது? இரண்டாம் உலக யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்கள் வீடு வாங்கவும் தொழில் தொடங்கவும், சர்க்கார் ஜாமீனில் கடன் பெற 1944-இல் சட்டம் வந்தது. 1947-இல் மிஸ்ஸிஸிப்பி மாநிலத்தின் 13 நகரங்களில் இத்தகைய கடன்கள் 3,229 வழங்கப்பட்டன. அவற்றில் கறுப்பருக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு! அன்று பாட்டனார் வாங்கிய வீடு, பின்னாளில் பேரனின் படிப்புக்குக் கைகொடுத்தது. வீடு வாங்க முடியாதவரின் பேரன் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டான்.

பட்டம் பெற்ற பிறகாவது நிலைமை சரியாகிறதா? இல்லை. 2008-இல் பட்டம் பெற்ற கறுப்பரில் நூற்றுக்கு 48 பேர், நான்கு வருஷம் கழித்து, பட்டம் பெற்ற அன்று இருந்ததைவிட அதிகக் கடனில் இருந்தார்கள். வெள்ளையரில் அப்படி இருந்தவர்கள் நூற்றுக்கு 17 பேரே. வட்டி குட்டி போட்டுக்கொண்டே போயிற்று!

2022 ஆகஸ்டில் ஜனாதிபதி பைடன் ஒரு திட்டம் அறிவித்தார். குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்டவர்களுக்கு 10,000 டாலர் வரை தள்ளுபடி. ஏழை மாணவருக்கான 'பெல்' உதவிப் பணம் பெற்றவர்களுக்கு 20,000 வரை. கடன் வாங்கிப் படித்த கறுப்பரில் பெரும்பாலோர் இந்த இரண்டாம் வகையினர்.

"கல்லூரி வாசலையே மிதிக்காத தொழிலாளி, பட்டதாரியின் கடனை ஏன் சுமக்க வேண்டும்?" என்று எதிர்ப்புக் கிளம்பியது. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சுப்ரீம் கோர்ட் பார்த்தது வேறொன்றை. இவ்வளவு பெரிய தொகையைத் தள்ளுபடி செய்ய சட்டம் அதிகாரம் தரவில்லை என்று, 2023 ஜூன் 30-ல் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள், மூவர் மாறுபட்டார்கள். திட்டம் வீழ்ந்தது.

தள்ளுபடி கிடைத்திருந்தால் பல குடும்பங்கள் மூச்சு விட்டிருக்கும், உண்மை. ஆனாலும் பாட்டனார் வாங்க முடியாமற்போன வீடு அதனால் வந்துவிடாது. கடன் ஒரு தலைமுறையின் தொல்லை. சொத்தின்மையோ பல தலைமுறைகளின் தொல்லை. இரண்டையும் சேர்த்துத் தீர்க்காதவரை, பட்டம் வாங்கும் கையிலேயே கடன் பத்திரமும் இருக்கும்.